நல்ல நாள்தான் கணக்கைக் கெடுக்கிறது

கணக்குப் பிரிவில் இருப்பவர்களைக் கேட்டால் மாதத்தில் 4 தேதிகள்தான் உண்டு என்பார்கள். 7ஆம் தேதிக்குள் பிடித்து வைத்த வருமான வரியை (டிடிஎஸ்) கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும், 15ஆம் தேதிக்குள் தொழிலாளர்களின் வைப்பு நிதியான பிஎஃப், மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ இரண்டையும் முடிக்க வேண்டும், 20ஆம் தேதிக்குள் மாத ஜிஎஸ்டி வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி போயிருக்க வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 17 ஆண்டுகளாக இந்தத் தேதிகளைச் சுற்றித்தான் என் வாழ்க்கை நடக்கிறது. அதில் 11 ஆண்டுகள் முடக்குவாதத்துடனும், கடைசி 6 ஆண்டுகள் அதோடு வந்து சேர்ந்துகொண்ட, உடம்பெல்லாம் நோகும் ஃபைப்ரோமயால்ஜியாவுடனும் கழிந்திருக்கின்றன. வலியோடு எப்படி வேலைக்குப் போகிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு அரைகுறைப் பதிலைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். முழுப் பதிலை ஒரு முறையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முடக்குவாதம் என்றவுடன் பாதிப் பேர் பக்கவாதம் என்று நினைத்துக்கொண்டு, பிறகு என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். என் அம்மாவின் தலைமுறைக்குச் சரவாங்கி என்று சொன்னால்தான் புரிகிறது. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல்படை, ஆள் மாறி, மூட்டுகளின் உள்ளுறையையே தாக்கி வீங்க வைக்கும் நோய் இது. விரல் மூட்டுகளில் தொடங்குவதுதான் வழக்கம், எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. இதன் அடையாளமே காலை நேரத்து விறைப்பு. எழுந்தவுடன் அகலமான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, இரண்டு கைகளையும் அதில் 10 நிமிடம் அமிழ்த்தி வைத்த பிறகுதான் என் விரல்கள் மடங்கும். அதற்கு முன் பால் பாக்கெட்டின் மூலையைக்கூட என்னால் வெட்ட முடியாது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் பெருவிரல் நுழையாது. பல்லால் கடித்துத் திறந்த நாட்கள் எத்தனையோ.

இரண்டாவது நோய் வந்த விதம் வேறு. மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கி, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் இறங்கி, மூட்டு வீக்கம் வடிந்து, எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்த 2019இல், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் சதையெல்லாம் நோகத் தொடங்கியது. இரவு 8 மணி நேரம் தூங்கினாலும், மூட்டை தூக்கிவிட்டு வந்தவளைப் போல எழுந்தேன். ஆய்வகத்தில் இருந்து வந்த ஒவ்வொரு தாளிலும் 'நார்மல்' என்றே இருந்தது. நோய் இல்லை என்ற சொல்லைக் கேட்டு அழுதவள் அந்த மருத்துவமனை வாசலில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். கோயம்புத்தூரில் நான் பார்த்துவரும் மூட்டுநோய் மருத்துவர்தான் அதற்குப் பெயர் சொன்னார். முன்பெல்லாம், 1990இல் வகுத்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடங்களிலாவது வலித்தால்தான் ஃபைப்ரோமயால்ஜியா என்பார்களாம். 2010இல் வந்த புதிய வரையறை அந்த எண்ணிக்கையைக் கைவிட்டு, வலி பரவியிருக்கும் இடங்கள், தூக்கம், சோர்வு, மறதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. இதில் மூட்டு கெடுவதில்லை, தசை கிழிவதில்லை. வலிச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. கொசு கடித்தாலும் தேள் கொட்டியதாகத் தகவல் போகிறது. தகவல் மிகையானது, வலி உண்மையானது.

மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் வலிக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பார்கள். நாளெல்லாம் எண்களோடு புழங்குகிற எனக்கே அந்த ஒரு எண்ணைச் சொல்லத் தெரிவதில்லை. நேற்றைய 6ம் இன்றைய 6ம் ஒன்றா? விரலின் 6ம் தோளின் 6ம் ஒன்றா? அந்த எண்ணைவிடத் தமிழ் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், சுள்ளென்பது, விண்விண் என்று தெறிப்பது என்று நம் பாட்டிமார் பிரித்து வைத்திருப்பவை ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாள், நோயாளிகள் தம் வலியைச் சுட்டுவதற்கு 78 சொற்களைக் கொடுத்தது என்று படித்தபோது, இது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சுதானே என்று சிரித்துவிட்டேன்.

இந்தச் சொற்கள் எனக்கு அலுவலகத்தில் நேரடியாகப் பயன்படுகின்றன. விரல் மூட்டில் கடுப்பு என்றால் அது முடக்குவாதத்தின் வேலை. தட்டச்சையும் கோப்புகளையும் தள்ளி வைத்துக் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். தோளிலும் முதுகிலும் உளைச்சல் என்றால் அது இரண்டாவது நோயின் வேலை. அப்போது ஓய்வெடுத்தால் இன்னும் மோசமாகும், எழுந்து நடக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து எதிரெதிரானது. வெறுமனே 'வலிக்கிறது' என்று மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நடக்க வேண்டிய நேரத்தில் படுத்தும், கையை விட வேண்டிய நேரத்தில் தட்டச்சு செய்தும் எத்தனையோ மாதங்களைக் கெடுத்துக்கொண்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவர்களுக்கும் தெரிவதில்லை என்பதுதான் என் அனுபவம். அவர்களுக்கு வந்தது முடிந்துபோன வலி. பல் பிடுங்கியதையும் பிரசவத்தையும் கைமுறிவையும் அவர்கள் பொறுத்துக் கடந்திருக்கிறார்கள். அதனால் பொறுத்தால் கடந்துவிடும் என்று என்னிடமும் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவம் வரையறுக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல், அத்தகைய வலிக்குத் தனிக் குறியீடே கொடுத்து, வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்காமல் அதுவே ஒரு நோயாக இருக்கக்கூடும் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொறுமையால் கடந்துவிடக்கூடியது அல்ல என்பதற்கு இதைவிட அதிகாரப்பூர்வமான சான்று எனக்குத் தேவைப்படவில்லை. 'எவ்வளவு பொறுமைங்க உங்களுக்கு' என்று யாராவது புகழ்ந்தால் இப்போதெல்லாம் எனக்கு அச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் புகழ்ச்சியைக் காப்பாற்றப் போய்த்தான் நான் பல முறை விழுந்திருக்கிறேன்.

விழுந்த ஒரு முறையைச் சொல்கிறேன். 2021இல் ஒரு மாதத்தின் 17ஆம் தேதி, வெந்நீர் இல்லாமலேயே என் விரல்கள் மடங்கின. கழுத்து திரும்பியது. பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு இருப்பதே தெரியாமல் ஒரு காலை விடிந்தது. அந்த மகிழ்ச்சியை எப்படிச் செலவழிப்பது என்று தெரியாமல், தேங்கிக் கிடந்த இரண்டு மாத வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை ஒரே இருக்கையில் முடித்தேன். வெளியே செய்யக் கொடுத்த வேலைகளுக்கான ஜாப் ஒர்க் சலான்களை எல்லாம் பாக்ஸ் ஃபைலில் அடுக்கினேன். அந்த ஃபைலின் இரும்புக் கிளிப்பைத் திறக்க வழக்கமாக யாரையாவது கூப்பிடுபவள், அன்று நானே 30, 40 முறை திறந்து மூடினேன். மாலை வீட்டுக்கு வந்து இரண்டு கம்பளிகளைத் துவைத்து, மாவும் ஆட்டினேன். மறுநாள் காலை கட்டிலில் இருந்து எழ முடியவில்லை. அடுத்த 4 நாட்களும் முடியவில்லை. 20ஆம் தேதி போக வேண்டிய 3பி, 22ஆம் தேதி போயிற்று. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 வீதம் 100 ரூபாய்தான், அதோடு வரித்தொகைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு கணக்கில் இரண்டு நாள் வட்டி. தொகை சிறியது. ஆனால் 13 ஆண்டுகளில் என் கையால் ஒரு முறைகூடத் தாமதக் கட்டணக் கட்டத்தில் 0 தவிர வேறு எண் விழுந்ததில்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது பேனாவை ஒரு நொடி அதிகமாக நிறுத்தி வைத்திருந்தார். போதாதா?

கெட்ட நாளில் நான் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு என்ன முடியாது என்பது கண்ணெதிரே தெரிகிறது, அதற்குத் தக்கபடி வேலையைக் குறைத்துக்கொள்கிறேன். நல்ல நாளில்தான் எல்லாக் கணக்கும் தப்புகிறது. விட்டுப்போன வேலையை எல்லாம் அன்றே பிடித்துவிட வேண்டும், நானும் மற்றவர்களைப் போலத்தான் என்று காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில், இல்லாத இருப்பில் இருந்து எடுத்துச் செலவழிக்கிறேன். என் வலியைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் வேலைக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவே இல்லை. இந்த நோயாளிகள் எல்லோரும் செய்வதுதான் என்றார். வலி வந்தவுடன் நிறுத்துவதை விட்டுவிட்டு, கடிகாரம் சொல்லும்போது நிறுத்தப் பழகுங்கள் என்றார். அன்றிலிருந்து கைபேசியில் 25 நிமிடத்துக்கு ஒரு மணி வைத்திருக்கிறேன். அது அடித்தவுடன், எழுதிக்கொண்டிருக்கும் பதிவு பாதியில் இருந்தாலும், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், எழுந்து கட்டிங் பிரிவு வரைக்கும் நடந்துவிட்டு வருவேன். சொல்வதற்கு எளிது. முதல் ஆறு மாதம் அந்த மணியோசை மேல் எனக்கு இருந்த கோபம் வலியின் மேல்கூட இருந்ததில்லை. வலிக்காதபோது நிறுத்துவது சோம்பேறித்தனமாகத் தோன்றியது. நான்கு முறை மணியை அணைத்துவிட்டு நான்கு முறையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் அதற்குக் கட்டுப்படத் தொடங்கினேன்.

வேலைகளையும் வேறு மாதிரிப் பிரித்துக்கொண்டேன். அவசரம், அவசரமில்லை என்று பிரிப்பதுதான் அலுவலக வழக்கம். என் நோட்டில் கை கேட்கும் வேலை, தலை கேட்கும் வேலை, வாய் மட்டும் போதுமான வேலை என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. கை விறைத்திருக்கும் காலையில் வங்கிக்கும் துணிக்குச் சாயமேற்றும் டையிங்காரர்களுக்கும் போன் பேசி முடிப்பேன். 11 மணிக்கு மேல் கணக்கு மென்பொருளான டேலியில் பதிவுகள். தலை கேட்கும் வேலைதான் சிக்கல், ஏனென்றால் ஃபைப்ரோமயால்ஜியாவில் சில நாட்கள் மூளைக்குள் பனிமூட்டம் இறங்கிவிடும்; 4,563 என்று பார்த்துக்கொண்டே 4,653 என்று அடிப்பேன். கணக்கர்களுக்கு இதில் ஒரு பழைய துப்பு உண்டு: பற்றும் வரவும் ஒட்டாமல் நிற்கும் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். முன்பு வருடத்துக்கு இரண்டு முறை அப்படி வரும். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. 9ஆல் வகுபடும் வித்தியாசத்தைப் பார்த்தவுடன் பிழையைத் தேடுவதற்கு முன், முந்தைய இரவு எப்படித் தூங்கினேன் என்று யோசிக்கிறேன். அன்றைக்கு வரித் தாக்கல் எதையும் தொடுவதில்லை.

இந்த ஏற்பாடுகளை எல்லாம் ஒளித்துச் செய்ய முடியாது என்பதால், அந்த 100 ரூபாய்க்குப் பிறகு முதலாளியிடம் பேசினேன். அதற்கு முன்பும் ஓரிரு முறை சொல்லியிருக்கிறேன், ஆனால் 'உடம்புக்கு முடியலைங்க' என்று சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது, லீவு போட்டுக்கோங்க என்பதைத் தவிர. இந்த முறை நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் என் கை வேலை செய்வதில்லை. 9 முதல் 6 வரை இருப்பதற்குப் பதில் 10 முதல் 7 வரை இருந்தால் அதே வேலை முடியும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருந்தபடி தாக்கல் செய்யும் வசதி வேண்டும். 20ஆம் தேதி வேலையை 16ஆம் தேதியே முடித்து வைத்துவிடுகிறேன்' என்றேன். வேலைக்கணக்காகச் சொன்னவுடன் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நேரத்தை மாற்றிக் கொடுத்தார், வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு இரண்டு நாட்கள் கொடுத்தார். நாற்காலி கேட்டதற்கு மட்டும் எட்டு மாதம் ஆயிற்று.

சின்னச் சின்ன உதவிகள் யாரும் கேளாமல் வந்தன. என்னிடம் வேலை பழகும் பெண், நான் பேனாவைப் பிடிக்கச் சிரமப்படுவதைப் பார்த்துவிட்டு, கட்டிங் வேஸ்ட்டில் இருந்து ஒரு பின்னல் துணிப் பட்டையை எடுத்து, பேனாவின் உடம்பில், கதிரில் நூல் சுற்றுவது போல இறுக்கமாகச் சுற்றி, நுனியை நூலால் கட்டிக் கொடுத்தாள். தடித்த பேனாவைப் பிடிக்க விரல் அவ்வளவாக மடங்கத் தேவையில்லை. கடைகளில் இதற்கென்று விற்கும் ரப்பர் பிடியையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கை வியர்த்தால் அது வழுக்குகிறது, பனியன் துணி வியர்வையைக் குடித்துவிடுகிறது. அழுக்காகும்போது பட்டையை மாற்றிக்கொள்கிறோம். இப்போது ஆர்டர் மாறும்போதெல்லாம் என் பேனாவின் நிறமும் மாறுகிறது. 'அக்கா, நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேனுங்' என்று கைவலி நாட்களில் விசைப்பலகையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். பதிலுக்கு அவளுக்கு ஜிஎஸ்டி முழுவதையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் என் இடத்துக்கே வந்துவிடுவாள் என்று ஒரு தோழி எச்சரித்தாள். வரட்டும்.

சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம். வாரத்தில் எத்தனை ஷிப்ட், எத்தனை ஒன்றரை ஷிப்ட், முன்பணம் எவ்வளவு பிடித்தம் என்று பார்த்து, கவரில் போட்டு முடிக்க இரவு 9 ஆகிவிடும். முடக்குவாதத்துக்காக நான் வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கும் சனிக்கிழமை இரவுதான் நேரம். அதைச் சாப்பிட்ட மறுநாள் எனக்குக் குமட்டலும் தலைபாரமும் இருக்கும். வேலை நாளைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையைத்தான் பலி கொடுக்க வேண்டும். ஆக, வார விடுமுறை என்பது என் மாத்திரைக்கு விடப்பட்ட விடுமுறை. (இந்த மாத்திரையை மருத்துவர் சொன்ன அந்த ஒரு நாளில் மட்டுமே சாப்பிட வேண்டும், தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. நான் காலண்டரில் வட்டம் போட்டுத்தான் விழுங்குகிறேன்.) ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வரும் உறவினர்கள், நான் படுத்திருப்பதைப் பார்த்து, உருளைக்கிழங்கை நிறுத்து, வாயு சேர்ந்துவிட்டது என்கிறார்கள். கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கை மட்டும் இதுவரை எனக்கு ஏழு பேர் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்கள். சூப் சுவையாகத்தான் இருக்கிறது, குடித்துவிட்டு மாத்திரையையும் தொடர்கிறேன்.

சட்டம் என் போன்றவர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு முறை தேடிப் படித்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7தான் இருந்தன. அந்த 21இல் முடக்குவாதமும் ஃபைப்ரோமயால்ஜியாவும் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. மூட்டுகள் கோணிப்போய், இயக்கக் குறைபாடு என்று அளக்கும்படி ஆனால் அந்த வழியாக உள்ளே போகலாம். மாத்திரை சாப்பிட்டு விரல்களை நேராகக் காப்பாற்றி வைத்திருப்பவளுக்கு வழி இல்லை. வேலையிடத்தில் நியாயமான வசதிகள் செய்து தர வேண்டும் என்ற கடமையையும் அதன் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள் மேல்தான் வைக்கிறது. எனக்குக் கிடைத்தவை எல்லாம் பேசி வாங்கியவை.

பேசி வாங்க என்னால் முடிந்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கம்பெனியின் கடவுச்சொற்கள் எல்லாம் என் தலைக்குள் இருக்கின்றன; 20ஆம் தேதி நான் இல்லாவிட்டால் அவர்களுக்குத்தான் சிரமம். ஓவர்லாக் தையல் இயந்திரத்தில் தைக்கும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருப்பவர் 25 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்தால் அவருடைய கூலி அல்லவா குறையும்? செக்கிங் பிரிவில் விளக்கு வெளிச்சத்தில் நின்றபடி ஓட்டையும் கறையும் பார்த்துப் பிசிறு வெட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது. அவர்கள் கையாளும் முறை, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலிமாத்திரை, அதுவும் கேட்காவிட்டால் ஒரு ஊசி. இப்படி வருடக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் என்ன ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். 'நாளைக்கு ஷிப்மென்ட் இருக்குதுங்க' என்றார் ஒரு அக்கா.

எனக்கு நாற்காலி வந்த வாரம் அந்த அக்காதான் என் அறை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, 'நமக்கெல்லாம் ஒரு முக்காலி வராதுங்களா, கண்ணு?' என்று கேட்டார். கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. தொழிற்சாலைகளுக்கு அது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 44ஆம் பிரிவாக எழுதப்பட்டிருந்தது: நின்று வேலை செய்ய வேண்டியவர்கள், இடையில் ஓய்வுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி இருக்க வேண்டும். அந்தப் பிரிவை அச்சடித்து எடுத்து, முதலாளியின் மேசையில் மற்ற தாள்களோடு வைத்தேன். இது பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் சில்லறைச் செலவில் 'முக்காலி 2' என்று ஒரு வவுச்சர் வந்தது; நான்தான் பதிவு போட்டேன்.

செக்கிங் மேசையில் 9 பேர் நிற்கிறார்கள். ஒரு முக்காலியை அவர்களுக்குள் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள், அந்த அக்காவுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முறை. இன்னொன்றின் மேல் எப்போதும் ஏதாவது ஒரு துணிக்கட்டு ஏறி உட்கார்ந்திருக்கிறது. மணி அடித்து நான் கட்டிங் பிரிவு வரை நடக்கும் வழியில்தான் அது இருக்கிறது. என் கை அனுமதிக்கும் நாட்களில் அந்தத் துணிக்கட்டை இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன்.